வெள்ளிக்கிழமை மண்

காலை ஏழரைக்கு நெய்வேலி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எல்லாக் கண்களும் லொரெய்ன் மேல்தான். ஆறடி உயரம், கறுத்த மேனி, நரையோடிய சடைகள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கடலை பயிரிடும் கறுப்பினக் குடும்பத்துப் பெண். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் கலைஞர். புதுச்சேரியில் ஒரு மாதமாக நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். மறுநாள் அவர் ஊர் திரும்புகிறார்.

டவுன்ஷிப்பில் என் அக்கா வீடு. எந்த பிளாக்கில் நுழைந்தாலும் முந்தைய பிளாக்கிலேயே நிற்பதுபோல் இருக்கும். இரண்டு குவார்ட்டர்ஸில் தவறாக மணியடித்து, நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவர்களை எழுப்பிவிட்டுத்தான் சரியான வீட்டை அடைந்தேன்.

காபி குடித்தபடி லொரெய்ன் ஒரு வெள்ளைத் துணிச் சதுரத்தை விரித்தார். அவர் வீட்டுப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த துணியை எறிவதில்லை. சதுரமாக வெட்டி, தங்கள் நிலத்து மண்ணில் சாயமேற்றி, ஒரே போர்வையில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். நிலத்தை விற்கச் சொல்லி வந்தவர்களையெல்லாம் திருப்பியனுப்பி அதைக் காத்தவர்களும் அவர்களே. இந்தச் சதுரம் அவருடைய அம்மா கொடுத்தனுப்பியது. கடலை போடும் வேறு நாட்டுப் பெண் ஒருத்தியின் மண் இதில் ஏறவேண்டுமாம்.

"நம்ம செல்வி இருக்காளே," என்றாள் அக்கா. செல்வி பிளாக் பூங்காவில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். போன வருடம்தான் குள்ளஞ்சாவடிப் பக்கம் அரை ஏக்கர் வாங்கியிருக்கிறார். "இன்னைக்கு முதல் விதைப்பு. உடனே கிளம்புங்க."

வடலூர் வழியாகப் பேருந்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் போல இருக்கும். அங்கிருந்து ஆட்டோவில் ஐம்பது ரூபாய். முந்திரித் தோப்புகளுக்கிடையே ஈரச் செம்மண் கொல்லை. மானாவாரி நிலத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

"அந்தம்மா எந்த ஊருங்க?" என்றார் ஓட்டுநர்.

"அமெரிக்கா. வீட்ல நிலக்கடலை விவசாயம்."

"மல்லாட்டயா? அப்ப நம்ம ஜனந்தாங்க."

செல்வி முறத்தில் விதைப்பருப்போடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முகம் சட்டென்று மாறியது.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. வெள்ளிக்கெழம, மொத வெத போடற நாளு. கொல்லையிலேர்ந்து ஒரு புடி மண்ணு வெளிய தர மாட்டேன். எங்கம்மா காலம் பூரா அடுத்தவங்க கொல்லையிலதான் வெதச்சாங்க. இது எங்களுக்குன்னு வந்த மொத மண்ணு."

தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். லொரெய்ன் சிரித்தார். "என் அம்மாவாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார்," என்று சதுரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது.

விதைக்க வரவேண்டியவர்களில் ஒருத்தி வரவில்லை. லொரெய்ன் செருப்பைக் கழற்றிவிட்டு, கேட்காமலே, உழுதுகொண்டிருந்த ஏருக்குப் பின்னால் இறங்கினார். ஏர் கீறிய சாலில் ஒரு பருப்பு, காலால் மண்ணை ஒரு தள்ளு, அடுத்த பருப்பு. செல்வி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பழகின காலுங்க," என்றார். நானும் இறங்கினேன். பத்தடி போவதற்குள் பாதி விதையை மூட மறந்துவிட்டேன். "நீங்க வரப்புல குந்துங்கக்கா," என்று மரியாதையாக வெளியேற்றப்பட்டு, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மதியம் கூழும் மாங்காய் ஊறுகாயும். புறப்படும்போது லொரெய்ன் கால் கழுவக் குனிந்தார். செல்வி குடத்தை நகர்த்தினார்.

"கழுவ வேணாம்னு சொல்லுங்கக்கா. நான் மண்ணு தர மாட்டேன்னுதான் சொன்னேன். வெதச்சவங்க கால்ல ஒட்டினு போற மண்ணு அவங்களுது. எங்கம்மா அப்படித்தான் வூட்டுக்கு வருவாங்க. அத எந்தக் கொல்லக்காரரும் திருப்பிக் கேட்டதில்ல."

நான் மொழிபெயர்த்து முடித்தபோது லொரெய்னின் கண் கலங்கியிருந்தது. கொல்லையைத் தாண்டி, சாலையோரத்தில் சதுரத்தை விரித்து ஒரு காலால் ஏறி நின்றார். பெரிய சிவந்த பாதம் ஒன்று பதிந்தது. பிறகு நகர்ந்து, வழியனுப்ப வந்த செல்வியைப் பார்த்துப் பக்கத்து இடத்தைக் காட்டினார்.

"நானும் இன்னிக்கி வெதச்சவதான," என்று செல்வி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். பெரிய பாதத்தின் அருகே சின்னப் பாதம்.

திரும்பும் பேருந்தில் சதுரம் காய்வதற்காக என் மடியில் விரிந்து கிடந்தது. எங்கள் ஊரிலும் நிலம் இருக்கிறது, அண்ணன்கள் பெயரில். விதைப்பு நாளில் அம்மாவோடு சோறு கொண்டுபோய் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். என்னை யாரும் இறங்கச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. குனிந்து என் கால்களைப் பார்த்தேன். கழுவிய கால்கள், படு சுத்தமாக இருந்தன.