நானும் ஒரு பீல்ட் ஆபிசர்

தொண்டு நிறுவனத்தில் கல்வித் திட்டம் நடத்துகிறவர்களுக்கு எல்லாம் உண்டு, நாளைக்கு இந்த வேலை இருக்குமா என்ற கேள்விக்குப் பதிலைத் தவிர. திட்டம் முடிவதற்குள் அடுத்த வேலைக்கு அலைகிற சக பாவிகளே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

இருமல்

என் பதவியின் பெயர் பீல்ட் ஆபிசர். எங்கள் கொழும்புத் தலைமையகத்தில் பீல்ட் என்றால் மக்கள் இருக்கிற இடம். தோட்டத்தில் பீல்ட் என்றால் தேயிலை மலை. பீல்ட் ஆபிசர் என்றால் கொழுந்தெடுப்பவர்களை மேய்க்கிற உத்தியோகத்தர். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் யாராவது குறைந்தால், நிஜமாகவே சுகமில்லையா என்று பார்க்கத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே தேடி வந்துவிடுவார்.

இது தெரிந்தும் மண்டையில் உறைக்காமல், லிந்துலைப் பக்கம் ஒரு லயத்து வாசலில் நின்று, "பீல்ட் ஆபிசர் வந்திருக்கேங்க" என்று குரல் கொடுத்தேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு நின்றது. வரிசையாக எல்லாக் காம்பரா அறைகளிலும் இருமல் ஆரம்பித்தது. ஒரு அக்கா தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வந்தார். பிள்ளைகளின் மாலை வகுப்பைப் பற்றிப் பேச வந்ததாகச் சொன்னதும், கம்பளி கீழே விழுந்தது.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதாங்க மிஸ்? வீணா இருமித் தொலைச்சிட்டேனே!"

அட்டை

என் அம்மா பொகவந்தலாவையில் இன்னும் கொழுந்தெடுக்கிறார். மகள் மலைக்குப் போகக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். அதற்காகத்தான் நான் பி.ஏ. முடித்தேன். என் பதவியின் பெயரை அவர் யாரிடமும் சொல்வதில்லை. கேட்டால், "ஆபிஸ்ல இருக்கா" என்பதோடு சரி.

ஒரு மழை நாளில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளின் வீடுகளைத் தேடித் தேயிலைக்குள்ளே குறுக்கு வழியில் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தேன். இரண்டு காலிலும் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. அம்மாவும் அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தார். சவர்க்காரத்தை எடுத்து என் காலில் தேய்த்தார். பிறகு தன் காலில் தேய்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"எங் காலையும் பாரு, ஒங் காலையும் பாரு. இதுல எது பி.ஏ. படிச்ச காலுன்னு நீயே சொல்லு."

துணிக்கடை

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளிநாட்டில் எம்.ஏ. படிக்கப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தேன். எம்.ஏ. முடித்தால் மேசை, நாற்காலி, கூரை என்று அம்மா ஆசைப்படுகிற ஆபிஸ் வேலை கிடைக்கும் என்பது என் கணக்கு. இன்டர்வியூ கணினியில். லயத்தில் சிக்னல் பிடிக்காது, ஆபிஸிலோ நான் மூச்சு விடவில்லை. கடைசியில் ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், கடைக்குப் பின்னால் துணி ரோல்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார்.

எங்கே ஆய்வு செய்வீர்கள் என்று கேட்டார்கள். அழகான பதில் ஒன்றை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது: நான் பிறந்த தோட்டத்தில், அங்கே பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை விடுகிறார்கள் என்று. அந்த நேரம் பார்த்து முன்னால் யாரோ பாவாடைத் துணி வாங்க, 'டர்'ரென்று துணி கிழிக்கிற சத்தம். அது என்ன என்று திரையில் இருந்தவர் புருவத்தைத் தூக்கினார். நானாவின் குரல் அதைவிடச் சத்தமாகக் கேட்டது:

"கொஞ்சம் பொறுங்கம்மா, உள்ளுக்கு நம்ம தங்கச்சி வெளிநாடு போற பேச்சு நடக்குது. இப்ப துணியக் கிழிச்சா அவ விசாவும் சேந்து கிழிஞ்சிரும்!"

கூடை

பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் சிக்னல் வருகிறதா என்று போனைப் பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒருநாள் அப்படி ஒரு வளைவில் செய்தி வந்தது. புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது! இறங்கி வீட்டுக்கு ஓடினேன். அம்மா லயம் முழுக்கக் கேட்கும்படி, "எம் மக ஏரோப்பிளேன்ல போகப் போறா" என்று கத்தினார்.

இரவுச் சாப்பாட்டின்போதுதான் விவரம் கேட்டார். முதலில் அங்கே வகுப்பு, பிறகு இங்கே வந்து ஆய்வு என்றேன். இங்கே என்றால் எங்கே என்றார். நம்ம தோட்டத்தில்தான், அதையும் பீல்ட் என்றுதான் சொல்வார்கள் என்றேன். பிசைந்த சோறு அப்படியே கையில் நின்றது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"பி.ஏ.க்கும் மலை, எம்.ஏ.க்கும் மலைதானா? சரி, போயிட்டு வா. எங்கூட மலைக்கே வந்து என்னா வேணும்னாலும் எழுதிக்க. கொழுந்துக் கூடைய மட்டும் தொட்டுப்புடாத."

மலைக்குப் போகக்கூடாதென்று படிக்க வைக்கப்பட்ட நான், முறைப்படி மலைக்குப் போவதற்காக இப்போது விசாவுக்குக் காத்திருக்கிறேன்.