மனைவியின் எட்டு மாத விரதம்

என் மனைவி சந்நியாசம் வாங்கப் போகிறாள் என்று எட்டு மாதம் மனதார நம்பினேன்.

காரணம் இருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம். விரத நாளில் தனித்தனியாகப் படுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். வாரத்தில் ஒரு நாள்தானே என்று இருந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு செவ்வாய் சேர்ந்தது. சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. மகள் மான்செஸ்டருக்குப் படிக்கப் போனதால் காலியான சின்ன அறையில் இவளுடைய தலையணை நிரந்தரமாகக் குடியேறியது.

காவி உடுத்தி மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறும் மனைவியைக் கற்பனை செய்தேன். ஏன் என்று கேட்கத் துணிவில்லை. போட்டிக்கு நானும் விரதம் பிடித்தேன். வீட்டில் பாலும் பழமும்; வேலைக்குப் போகிற வழியில், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் இரண்டு மட்டன் ரோல்ஸ். முருகனுக்குத் தெரிந்திருக்கும். அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, சவர பிளேடு தேடிக் குளியலறை அலுமாரியைக் கிண்டினேன். பின்னால் ஒரு மருந்துப் பெட்டி. மேலே அவளுடைய பெயர், மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. பிரிக்கப்படாத மாத்திரைகள். ஆனால் உள்ளே இருந்த தாள் மட்டும் பலமுறை விரித்து மடித்துக் கசங்கியிருந்தது. வாசித்தேன். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டி, பக்கவாதம். குளியல் தொட்டியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சந்நியாசமே பரவாயில்லை என்று தோன்றியது.

கீழே அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியை நீட்டினேன்.

"உமக்கு என்ன வருத்தம், என்ன நோய்? ஒளிக்காமல் சொல்லும்."

"உந்தப் பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" கத்தியை வைத்தாள். "வருத்தம் ஒண்டுமில்லை. மாதவிடாய் நிண்டாப் பிறகு கீழை வறண்டு போச்சு. எரியுது. ஒண்டாய்ப் படுத்தால் உயிர் போற நோ. டாக்டர் உள்ளுக்கு வைக்கிற குளிசை தந்தவ."

"அப்ப விரதம்?"

"நோகுதெண்டு சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீங்களோ எண்டு பயம். விரதமெண்டால் கேள்வி இல்லையே."

"முருகனைக் காவலுக்கு விட்டிருக்கிறீர்!"

"அவர் கோவிக்கமாட்டார். உங்கடை ரோல்ஸையே பொறுத்தவர்."

எனக்குக் காது சுட்டது. ஒவ்வொரு செவ்வாயும் என் சட்டையில் பொரித்த எண்ணெய் மணத்ததாம்.

"சரி, ஏன் இன்னும் தொடங்கேல்லை?"

"அந்தப் பேப்பரை வாசிச்சனீங்கள்தானே?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு நோவும் தாங்க ஏலாது. அதை வைக்கவும் பயமாக் கிடக்கு."

அடுத்த வாரம் இருவருமாக டாக்டரிடம் போனோம். அவர் எங்களை விட இளையவர். தாளில் உள்ள எச்சரிக்கைகள் பெரும்பாலும் உடம்பு முழுக்கப் பரவுகிற ஹார்மோன் சிகிச்சையைப் பற்றியவை என்றார். இதில் அளவு மிகக் குறைவு. வைத்த இடத்திலேயே வேலை செய்யும், இரத்தத்தில் சேர்வது சொற்பம். புற்றுநோய் ஏதும் வந்திருந்தால் கதை வேறு, இவளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்தில் இரண்டு நாள். குணம் தெரியச் சில வாரம் பிடிக்கும், இரத்தம் கசிந்தால் உடனே வரவேண்டும்.

"வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று என்னைப் பார்த்தார்.

நான் கேட்டேன். "எனக்கு மார்பு வளருமா?"

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லை என்றார். என் மனைவிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சிரித்துச் சிரித்து டாக்டரின் மேசையிலிருந்த டிஷ்யூவை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அன்றே தொடங்கினாள். முதலில் எரிவு அடங்கியது; மூன்றாம் மாதம் நோவும் போயிற்று. திங்களும் வியாழனும் குளிசை. மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன். வெள்ளி விரதம் மட்டும் இருக்கிறது. சின்ன அறையில் இப்போது துணி காயப்போடுகிறோம்.