உப்புநீருக்கும் டைபாய்டு

அன்று காலை பெரம்பலூரில் ஏழு பேருக்கு டைபாய்டு. என் சோதனைப்படி. எண்பதுகளின் தொடக்கம், பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கிளினிக்கில் நான் லேப் டெக்னீஷியன்.

சோதனைக்கு வந்ததே ஏழு பேர்தான். ஏழாவது ஆள் பவுனம்மாள். அரியலூரில் ஓர் ஆலை கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை கிடைத்திருந்தது. மாலை ஐந்துக்குள் டைபாய்டு இல்லை என்று சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்ப்பார்கள்.

சோதனை எளிது. டைபாய்டு கிருமியின் வெளிச்சவ்வில் ஆன்டிஜென் என்ற அடையாளப் பொருள் இருக்கிறது. கொல்லப்பட்ட கிருமிகள் மிதக்கும் பால் போன்ற திரவத்தில் ஒரு சொட்டு, நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரான சீரத்தில் ஒரு சொட்டு. கண்ணாடியில் கலந்து ஆட்ட வேண்டும். ரத்தத்தில் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இருந்தால் அது ஆன்டிஜெனைப் பிடித்துக்கொள்ளும், பால் திரியும். பவுனம்மாளுக்குத் திரிந்தது.

"காச்சலா? எனக்கா? காலைல ஆறு இட்லி தின்னுட்டு வரேன் சார்!"

"இட்லிக்கும் டெஸ்ட்டுக்கும் சம்பந்தமில்லம்மா."

"அப்ப உங்க ரத்தத்தப் பாருங்க. நீங்களும் நல்லாத்தான இருக்கீங்க?"

அவர் வாயை அடைக்கத்தான் என் ரத்தத்தையும் சோதித்தேன். எனக்கு அவரைவிடக் கெட்டியாகத் திரிந்தது.

நான் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டவன், அதனால் இருக்கலாம். ஆனாலும் கை தானாக உப்புநீரை எடுத்தது. சீரம் இல்லாமல் வெறும் உப்புநீரோடு கலந்தேன். அதுவும் திரிந்தது. உப்புநீருக்கு யார் ஊசி போட்டது?

திரவமே சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் இதற்குப் பெயர் கன்ட்ரோல். காலையில் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது. செய்யாதவர்களை நானே வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன்.

புதிதாக வந்த அந்தத் திரவப் பாட்டிலை எங்கே வைத்தார் என்று ஆயா சொர்ணத்தைக் கேட்டேன். "திருச்சிலேருந்து கண்டக்டர்ட்ட வந்துச்சுல்ல சார், ஐஸெல்லாம் கரைஞ்சு பாட்டில் சூடா கெடந்துச்சு. பாவமேன்னு மேல ஐஸ் பொட்டியில வெச்சேன்."

குளிரில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்து இளகிய கிருமிகள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பழைய பாட்டில் ஒன்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, காலாவதியாகவில்லை. முதலில் உப்புநீர்: பால் பாலாகவே நின்றது. பிறகு பவுனம்மாள்: பால் பாலாகவே நின்றது. மற்ற ஆறு பேரில் ஒருவருக்குத்தான் திரிந்தது.

"என்னய்யா, ஊரையே படுக்க வெச்சுட்டியே!" என்றார் டாக்டர், சான்றிதழில் கையெழுத்துப் போட்டபடி. பவுனம்மாள் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

எல்லாருக்கும் ஒரே ரிசல்ட் வந்தால், ஊரைச் சந்தேகிக்கும் முன் பாட்டிலைச் சந்தேகியுங்கள்.

மறுவாரம் அரியலூர் பஸ் கண்டக்டர் ஓர் இட்லிப் பொட்டலத்தை நீட்டினார். "டாக்டருக்காம். மொதல்ல நீங்க தின்னு பாத்துட்டுத்தான் குடுக்கணும்னு அந்தம்மா சொல்லிச்சு."

இந்த முறை கன்ட்ரோலைத் தவறாமல் செய்தேன். ஆறு இட்லி.