அக்காவின் இரண்டு காட்டுக்கருணைகள்

எங்கள் அக்கா வ. புதுப்பட்டியில் பிறந்து, இராஜபாளையத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தாவரவியல் கற்பித்து, சென்ற பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கண்மூடினார்கள். பொறுமைசாலி என்று எல்லோரும் புகழ்கிறீர்கள். எதற்காகப் பொறுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

செண்பகத்தோப்பு ஓடையில் வெள்ளம் அரித்துப் போட்ட இரண்டு காட்டுக்கருணைக் கிழங்குகளை, வனக்காவலரிடம் கேட்டு வாங்கிவந்து, கொல்லையில் இரண்டு தொட்டிகளில் வைத்தார்கள். மழைக்கு ஒரே ஓர் இலை குடைபோல விரியும். தை பிறந்தால் சாய்ந்துவிடும். பிறகு பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் மண்தான். உள்ளே, பழைய கிழங்கு தன்னைக் கரைத்து வளர்த்த புதுக்கிழங்கு உறங்கும்.

முற்றிய கிழங்கு கோடையில் இலைக்கு முன்பே பூவை அனுப்பும். அது செத்த எலியாக நாறும். அந்த நாற்றத்துக்குத்தான் வண்டு வரும். அதே பூவுக்குள் முதல் நாள் பெண்பூ தயார். ஆண்பூ மறுநாள்தான் மகரந்தம் உதிர்க்கும். தன்னுடையது தனக்கு உதவாது. ஒன்று ஒருநாள் முந்திப் பூத்தால்தான் மற்றது காய்க்கும். இந்தக் காய்க்காகவே ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஒரு வருடம் இரண்டும் ஒரே நாளில் பூத்துத் தொலைத்தன. அன்று அக்கா சாப்பிடவில்லை.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள்: "ஏட்டி, இந்த வருசம் ரெண்டும் முன்னப்பின்னப் பூக்கும் போலிருக்கு. வெறும் மண்ணுன்னு யாரும் கை வச்சிராமப் பாத்துக்கோ."

பதினாறாம் நாள் காரியத்தன்று நான் வாசலில் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். கொல்லைக்குப் போனபோது தொட்டிகள் இருந்த இடத்தில் அடுப்பு எரிந்தது. சித்தப்பா சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"செடியா இருந்துச்சு? ஒண்ணையும் காணலையே. பந்திக்கு அடுப்பு போட எடம் வேணும்லா."

ஒரு கிழங்கு குப்பை வண்டியோடு போய்விட்டது. அக்காவின் படத்துக்கு மட்டும் அத்தனை பெரிய மாலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்மேலும்தான்.

அக்காவின் நோய்க்காலத்தில் துணை நின்ற அனைவருக்கும் நன்றி. இன்னொரு தொட்டியைத் துளசி வைக்க எடுத்துப்போன பக்கத்து வீட்டு மதினிக்குத் தனி நன்றி. "கொழம்பு வைக்கலாம்னுதான் பாத்தேன். நாக்கு அரிக்கும்னு ஒங்க அண்ணன் வேண்டாம்னுட்டாவ. அப்படியே வேலியோரம் பொதைச்சேன்" என்றார். மழைக்கு இலை வந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டித் திருப்பித் தந்தார்.

இப்போது அதில் மொட்டு வந்திருக்கிறது. இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் முதலாண்டுத் திதியன்று அது விரியக்கூடும். கொல்லைப்பக்கம் நாறினால் யாரும் எலியைத் தேட வேண்டாம். சித்தப்பா, மண்வெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் அது மகரந்தம் உதிர்க்கும். வாங்கிக்கொள்ள இன்னொன்று இல்லை.