அஸ்பிரின் முட்டுக்கு இரத்தம் எடுத்தவன்

"குத்துங்க தம்பி, நான் சுவரப் பாக்கன்" என்றார் ஹனிபா காக்கா. இரத்தம் எடுக்கும் தொழிலில் சுவரைப் பார்க்கிறவர்கள்தான் முதலில் சாய்வார்கள். என்னைப் போல ஊசி பிடித்த உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

காக்கா சாய்ந்தமருதில் தோணி வைத்திருப்பவர், பழைய முட்டு வருத்தக்காரர், டொக்டர்மார் ஆஸ்துமா என்பது. மாரடைப்பு வந்தபிறகு தினமும் அஸ்பிரின் போடச் சொல்லியிருந்தார்கள். முன்பொரு தடவை தலையிடிக்கு அதே குளிசையைப் போட்டு, மூச்சு நிற்கப் பார்த்த ஆள். போடாவிட்டால் நெஞ்சு, போட்டால் மூச்சு. அஸ்பிரினால் வரும் முட்டு வருத்தத்தை இரத்தத்தை வைத்தே இனங்காண முடியுமா என்று எங்கள் கிளினிக் டொக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கெட்ட இரத்தம்

நரம்பு அகப்படவில்லை. மற்றக் கைக்கு மாறினேன். சேர்ட் விலகியபோது முதுகில் வட்ட வட்டமாகத் தழும்பு. கிண்ணம் வைத்து இரத்தம் எடுக்கும் ஹிஜாமா.

"நேத்துத்தான் எடுத்த. கெட்ட ரெத்தமெல்லாம் போயித்து. முந்தியே சொல்லியிருந்தா ஒங்களுக்கு ஒரு போத்தல்ல புடிச்சி வெச்சிருப்பன்."

பெறுபேறு

ஈசினோபில் என்ற வெள்ளை இரத்த அணு கூடியிருந்தது. அது எந்த முட்டு வருத்தத்திலும் கூடலாம், அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல ஏலாது என்றார் டொக்டர். வார்ட்டில் படுக்கவைத்து, அஸ்பிரினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. வீட்டில் செய்தால் மௌத்து.

காக்கா டொக்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இத்தின ரெத்தத்தையும் உறிஞ்சிப்போட்டு, திண்டு பாரு எண்டா சொல்ற?"

புகை

கட்டில் தலைமாட்டில் ஒட்சிசன், ஊசி மருந்து எல்லாம் தயார். ஒரு துணிக்கை குளிசை, பிறகு மூச்சை அளக்கக் குழாயில் ஊதல், பிறகு இன்னும் கொஞ்சம். காக்கா ஊதும்போதெல்லாம் அவர் மனைவி ஆயிஷா ராத்தா ஸலவாத்து ஓதினார். கடைசி இரத்தம் எடுக்க நான் போனபோது முழு அளவும் உள்ளே போயிருந்தது. மூச்சு கொஞ்சமும் முட்டவில்லை.

"அப்ப தலையிடிச்ச அண்டைக்கு ஏன் முட்டின? குளிசையோட வேற என்ன செஞ்ச?" என்றார் டொக்டர்.

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றார் ராத்தா. "கண்ணூறாக்கும் எண்டு கதவெல்லாம் சாத்திப்போட்டுச் சாம்பிராணி போட்டன். புகை கொஞ்சம் கூடித்து."

காக்கா முகட்டைப் பார்த்தபடி படுத்திருந்தார். "இத்தின வருஷமா குளிசைக்கு ஏசித் திரிஞ்சன். முட்ட வெச்ச ஆளு பக்கத்திலதான் படுத்திருந்திரிக்கி."

வெளியே போகும்போது ராத்தா, பஸ் நிலையத்தடியில் வாங்கியிருந்த சாம்பிராணிப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, பாவித்த ஊசி மட்டும் எறியவேண்டிய என் மஞ்சள் பெட்டிக்குள் போட்டார்.