அம்மாவின் விரலில் ஊசி

உடம்பின் மிகப் பெரிய உறுப்பு தோல்தான் என்று விஞ்ஞானம் படிப்பித்த சேர் சொன்ன அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுபதுகளின் கடைசி; இலங்கை மலையகத்துக் கொட்டகலையில் ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் மேற்றோல், உட்டோல் என்று இரண்டு அடுக்கு வரைந்தார். மேலே செத்துப்போன செதில்கள். அடியில் நரம்பு, இரத்தக்குழாய், வியர்வைச் சுரப்பி. தொடுகை, சூடு, குளிர், வலி எல்லாம் அங்கேதான் தெரியுமாம். மணி அடிக்கிற நேரத்தில், “ஊசி குத்தினாலும் தெரியாத இடம் இருந்தா கவனம். தொழுநோய் அப்படித்தான் தொடங்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

சாயந்தரமே எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், ஆராய்ச்சி ஆரம்பம். தம்பியின் முழங்காலில் குத்தினேன். லயமே கூடும்படி கத்தினான். அவன் பாஸ். அப்பா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “இந்தக் கழுதைக்கு யாரு ஊசி குடுத்தது?” என்றார். அவரும் பாஸ்.

அம்மா மலையிலிருந்து வந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, வாசலில் கால் நீட்டி, பக்கத்துக் காம்பரா வீட்டு அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது. ஆள்காட்டி விரலில், கொழுந்துக் கறை கறுப்புக் கறுப்பாய் ஓடிய இடத்தில், ஊசியை வைத்தேன். அழுத்தினேன். விட்டேன். ஊசி விழாமல் நின்றது. அம்மாவோ கங்காணியின் நடையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கினேன். ஒரு பொட்டு இரத்தம் இல்லை.

அந்த வியாதிக்காரர்களை லொறியில் ஏற்றிக் கடலோரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், போனவர்கள் திரும்பமாட்டார்கள் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு உண்டு. சொன்னால் அம்மா போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் விரல்கள் உதிரும், பிறகு தம்பி, பிறகு நான். கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. கல்லில் வேகும் ரொட்டியை அம்மா வெறும் விரலால் புரட்டினாள். அடுப்பிலிருந்து சிதறிய கங்குத் துண்டை எடுத்து உள்ளே போட்டாள். நேற்றுவரை அதைப் பார்த்துக் கைதட்டியவள் நான்தான்.

மூன்று நாள் அவள் பிசைந்து உருட்டிய சோற்றை வாங்கவில்லை. பசியில்லை, வயிறு வலிக்கிறது என்று ஏதேதோ சொன்னேன்.

“ஏன்டி, ஏங் கையி சோறு ஒனக்கு நாறுதா?”

“ஒங்களுக்குக் குஷ்டம்மா!” என்று அலறிவிட்டேன்.

காம்பராக்களுக்கு நடுவே சுவர் முகடுவரை போகாது. அந்தப் பக்கம் அத்தை வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. காலையில் பைப்படியில் அம்மா குடத்தை வைத்ததும் மற்றக் குடங்கள் நகர்ந்தன. அவள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, என் கையைப் பிடிக்காமல், எனக்கு முன்னால் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தாள்.

“ஐயா, இந்தப் புள்ள என்னமோ சொல்லுது. பாத்துருங்க.” குரல் நடுங்கியது. அம்மாவுக்கும் பயம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஊசி குத்தியதையும் சேர் சொன்னதையும் நான் ஒப்பித்தேன். டொக்டர் ஐயா அவளைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். முழங்கை. “தெரியுது.” புறங்கை. “தெரியுது.” கன்னம். “தெரியுதுங்க.” விரல் நுனி.

அம்மா பேசவில்லை.

திரும்பத் தொட்டார். “தெரியலையே ஐயா...”

எனக்கு வாசலில் லொறிச் சத்தமே கேட்டுவிட்டது.

அவர் பிளேடை எடுத்து விரல் நுனியை மெல்லச் சீவினார். பென்சில் சீவினாற்போல மஞ்சளாய்ச் சுருள் விழுந்தது. சீவிய இடத்தில் ஊசியை வைத்தார். “ஆத்தே!” என்று அம்மா கையை உதறினாள். அவளுக்கு வலித்ததற்காக நான் குதித்தேன்.

“இருபது வருசமா கொழுந்து கிள்ளுன தோலு. காய்ச்சுக் கெடக்கு. ஒன் ஊசி பாதி வழியிலயே நின்னுருச்சு. மேற்றோலு எவ்வளவு தடிப்புன்னு ஒங்க சேரு சொல்லலியா, டொக்டரம்மா?”

திரும்பும்போது தூறியது. “பைப்படியில நின்னு ஒன் வாயாலயே சொல்லணும், ஆமா” என்று அம்மா முன்னால் போனாள். நான் பின்னால் வெடவெடத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தவள் நின்றாள், குனிந்தாள், என் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தாள்.

“காயுதே புள்ள” என்றாள்.

என்னை மன்னித்துக் கொஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவள் அப்படித்தான் கொஞ்சினாள். மற்ற வீட்டு அம்மாக்கள் கையை வைத்துப் பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு என்மேல் பாசம் கூடுதல் என்று பெருமை வேறு. கை பக்கத்திலேயே இருக்கக் கன்னம் எதற்கு என்று, தோலின் தொழில்களை மனப்பாடமாய் ஒப்பித்த எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.