மூடுபனியில் ஒரு சிவப்புப் புள்ளி

போன ஐப்பசியில், போடிமெட்டுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டை ஒட்டிய ஒரு புல்சரிவில் நடந்தது இது.

அப்போது எனக்குப் புகைப்படக் கிறுக்கு முற்றியிருந்தது. அதிலும் மினிமலிசம். படம் முழுக்க வெறுமை, ஓர் ஓரத்தில் ஒரே ஒரு பொருள், அவ்வளவுதான். வீட்டில் ஓர் அலமாரியைக்கூட ஒழித்துவைக்கத் துப்பில்லாதவனுக்கு இந்தக் கலை மீது ஏன் ஆசை வந்தது என்று கேட்காதீர்கள். அங்கே எங்கும் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குள் இது நடக்காது. மரமும் செடியும் இலையுமாக ஒரே நெரிசல். அதனால் பனி இறங்கும் புல்சரிவைத் தேர்ந்தெடுத்தேன். அந்த ஒரே பொருளாக என் மனைவியை.

சிவப்புச் சேலை கட்டச் சொன்னேன். தள்ளிப் போய் எனக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும், நான் சொல்லும்வரை திரும்பக் கூடாது. கையில் இருந்தால் படம் கெடும் என்று செல்போனையும் வாங்கிக்கொண்டேன்.

“மூஞ்சியே தெரியாத போட்டோவுக்கு எதுக்குங்க பவுடரு போட்டேன்?” என்றாள். ஆனாலும் போய் நின்றாள்.

பனி நினைத்தபடியே வந்தது. சாம்பல் வெளியில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆனால் அவளுக்கு இந்தப் பக்கம் பாறை மாதிரி ஒரு கறுப்புத் திட்டு தெரிந்து உயிரை வாங்கியது. அதைப் படத்துக்கு வெளியே தள்ளுவதற்காக, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே பக்கவாட்டில் நகர்ந்தேன், பின்வாங்கினேன், மறுபடி நகர்ந்தேன். திட்டு ஒழிந்தது. அதற்குள் பனி மொத்தமாக மூடிக்கொண்டது. புள்ளியும் ஒழிந்தது.

கூப்பிட்டேன். பதில் இல்லை. நான் ஒன்று சொன்னால் நாலு திரும்பி வரும் வீடு எங்களுடையது. சரிவு முடிகிற இடத்தில் பள்ளம். அவள் எந்தப் பக்கம் நின்றாள் என்பதே குழம்பிப்போனது. தொண்டை கிழியக் கத்தினேன்.

தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு ஒன்று ரோட்டில் நின்றது. பெண்கள் இறங்கி வந்தார்கள்.

“என்னண்ணே, எதைத் தொலைச்சீங்க?”

“என் வீட்டுக்காரியை.”

“பாருங்கடி, மலைக்குக் கூட்டியாந்து தொலைச்சுப்புட்டு நிக்கிறாரு!” என்றாள் ஒருத்தி. சரிவில் இறங்கப் போன என்னைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “நீங்க வேற எறங்காதீங்க. அப்புறம் உங்களையும் தேடணும், எங்களுக்குச் சோலி கெடக்கு.” ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். “மாப்ளே, ஹாரன விடாம அடி! சத்தத்தப் பிடிச்சு அந்தப் புள்ள ஏறி வந்துரும்.”

ஹாரனோடு சேர்ந்து அத்தனை பேரும் கூவினார்கள். பனிக்குள் ஏதோ கனமாகச் சீறி, புதரை முறித்துக்கொண்டு ஒரு பக்கமாகக் கீழே ஓடியது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு தெரிந்தது. என் மனைவி நிதானமாக ஏறி வந்தாள்.

“செவிடா நீ? எவ்வளவு கத்துறேன்!” என்று பாய்ந்தேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“ஒரு காட்டுமாடுங்க,” என்றாள். “சீறுற சத்தம் கேட்டுத் திரும்புனா, உங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னுச்சு. நான் குரல் குடுத்தா அந்தச் சத்தத்துக்கு நேரா ஓடி வந்து அது மேலயே விழுந்திருப்பீங்க. அதான் வாயப் பொத்திக்கிட்டு நின்னேன்.”

பெண்களில் ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். “குடி ஆத்தா.” ஜீப்பில் ஏறும்போது என்னிடம், “அண்ணே, அடுத்த போட்டோவ ஸ்டூடியோவுல எடுங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து முதலில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான் வெளியே தள்ளப் பாடுபட்ட பாறைக்குக் கால்கள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக.

அவள் வாய் ஓயாது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். இப்போதெல்லாம் ஏதாவது ஒன்றுக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்தால், எங்கள் நடுவில் என் கண்ணுக்குத் தெரியாமல் எது நிற்கிறதோ என்று, நானும் ஓர் அடி எடுத்து வைக்காமல் அப்படியே நின்றுவிடுகிறேன்.